உவமை தெரிந்த பிள்ளைக்கு சிமிலி ஏன் தெரியவில்லை?

வேலூர் மாவட்டத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பெற்றோரும் சக ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில், உவமைக்கு ஆங்கிலப் பெயரான சிமிலி என்றால் என்ன என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். பாடத்திலுள்ள கவிதையைக் காட்டி, அதில் சிமிலி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அடுத்த பாடவேளையில் தமிழாசிரியர் கேட்கும்போதோ, அதே பிள்ளைகள் உவமை எது, உவமேயம் எது, உவம உருபு எது என்று பிரித்தே காட்டுகிறார்கள். தெரிந்த பொருளுக்குப் புதுப்பெயர் சூட்டி, அதை முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம் என்பதே என் குறை. இதில் எனக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நடத்தினேன்.

'லைக்' என்ற சொல் வந்தால் அது சிமிலி என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதால், தனக்கு மாம்பழம் பிடிக்கும் என்ற ஆங்கில வாக்கியத்தையும் மாணவர்கள் சிமிலி என்று அடிக்கோடிடுகிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் 'பிடிக்கும்' என்று படிக்க வேண்டுமா, 'போல' என்று படிக்க வேண்டுமா என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதி சற்று நுட்பமானது. தம்பி அண்ணனைப் போல இருக்கிறான் என்பதில் 'போல' இருந்தாலும் அது வெறும் ஒப்பீடுதான்; தம்பி சிறுத்தையைப் போல ஓடினான் என்பதே உவமை. இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒருமுறை உணர்ந்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுவதில்லை.

மெட்டஃபரை உருவகம் என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். தமிழில் 'மலர்முகம்' உவமைத்தொகை, 'முகமலர்' உருவகம் என்று படித்த 8ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, உருபு வெளிப்படையாக இல்லாவிட்டாலும் மறைந்திருக்கலாமே, அப்போது ஆங்கிலத்தில் அதைச் சிமிலி என்று சொல்லக் கூடாதா என்று கேட்டாள். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் உருபு வெளிப்பட்டு நின்றால்தான் சிமிலி. மறைந்து நிற்கும் வகைக்கு அங்கே தனி இடமில்லை, அது மெட்டஃபரோடு சேர்ந்துவிடும். அந்தக் கேள்வி அவளுக்குத் தமிழ் வகுப்பிலிருந்து வந்தது. வரையறையை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளையால் இப்படிக் கேட்கவே முடியாது.

பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணி என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நிகழும் ஒன்றுக்குக் கவிஞர் தம் கருத்தைக் காரணமாக ஏற்றிச் சொல்ல வேண்டும். பெர்சானிஃபிகேஷனுக்கு மனிதர் அல்லாத ஒன்றை மனிதராக்கிப் பேசினாலே போதும். பாலாற்றைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஆறு லாரி ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டது என்று எழுதினான் ஒருவன். இது எந்த அணி என்று கேட்டேன். "அணியெல்லாம் இல்ல சார், மணலு அப்படித்தான் போச்சு" என்றான். ஹைப்பர்போலிக்கு மெனக்கெட வேண்டியதே இல்லை. வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று மே மாதத்தில் அவர்களே சொல்வது உயர்வு நவிற்சிதான்.

பெரிய குழப்பம் ஒலியில்தான் வருகிறது. தமிழ் இலக்கணத்தில் எழுத்து என்ற ஒரே சொல் ஒலியையும் வரிவடிவத்தையும் சேர்த்தே குறிக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, முதலெழுத்து ஒன்றினால் மோனை என்ற விதியை அப்படியே எடுத்துக்கொண்டு, 'கிங்', 'நைஃப்' என்ற இரு சொற்களையும், முதல் ஒலி ஒன்றிவருவதைக் குறிக்கும் அலிட்டரேஷன் என்று எழுதுகிறது. எழுத்துக்கூட்டலில் இரண்டுக்கும் முதலில் நிற்பது 'கே' என்பதால் அப்படித் தோன்றுகிறது. காதுக்கு அவை சேரவில்லை. 'ஃபோன்', 'ஃபேன்' ஆகியவை வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கினாலும் சேர்கின்றன. இயைபுக்கு நெருங்கிய ரைமிலும் இதே கதைதான்: 'கம்', 'ஹோம்' இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில் முடிந்தும் இயையவில்லை. அதனால் இந்தப் பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லித்தான் நடத்த வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்கு ஆங்கிலப் பாடத்தில் ஈடான பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

'ஏ', 'ஆன்' என்ற ஆர்டிகிள்களும் ஒலியைத்தான் பின்பற்றுகின்றன. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல் மெய்யெழுத்தில் தொடங்கினாலும் உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்' பெறுகிறது; 'யுனிஃபார்ம்' உயிரெழுத்தில் தொடங்கினாலும் 'ஏ' பெறுகிறது. இதற்கு நம்மிடம் அருமையான ஒப்புமை இருக்கிறது: உயிர் முதலான சொல்லுக்கு முன் 'ஓர்', உயிர்மெய் முதலான சொல்லுக்கு முன் 'ஒரு'. ஓர் ஊர், ஒரு பள்ளி என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஆர்டிகிளின் பாதி அன்றைக்கே விளங்கிவிடுகிறது. 'தி' என்பதற்கு மட்டும் தமிழில் நேர்ச்சொல் கிடையாது; அது படிக்கப் படிக்கத்தான் வரும்.

வாக்கிய அமைப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகிய பெயர்கள் அப்படியே கைகொடுக்கும். ஆனால், பாம்பைக் கீரி கடித்தது என்றாலும் கீரி பாம்பைக் கடித்தது என்றாலும் தமிழில் கடித்தது கீரிதான், ஏனெனில் 'ஐ' உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவல் கிடையாது. இடத்தை மாற்றினால் பாம்பு கடித்துவிடும். 'அவன் நல்ல பையன்' என்பதில் வினை இல்லாததால் 'இஸ்' என்ற சொல்லை விட்டுவிடும் பிழையும் இப்படி வருவதுதான். வீட்டில் தெலுங்கு பேசும் குடியாத்தம், காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே பிழையைச் செய்கிறார்கள், தெலுங்கிலும் அந்த இடத்தில் வினை தேவையில்லை. பேரணாம்பட்டிலும் வேலூர் நகரிலும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் இதில் குறைவாகவே தவறுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் 'ஹை' இருக்கிறது. சிவப்பு மை சுழித்த ஒவ்வொரு பிழையும் கவனக்குறைவு அல்ல என்பதைப் பெற்றோர் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

நோட்டைத் திறந்து பார்க்கும் பெற்றோர், ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. சிமிலிக்கு வரையறை கேட்காமல், நம் ஊரை வைத்து ஓர் உவமை சொல் என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, அதைப் பிள்ளையே ஆங்கிலத்தில் எழுதட்டும் என்று விட்டுவிடலாம். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் பிரெபொசிஷனுக்கும் அப்படியே. வேலூரில் இருக்கிறேன், காட்பாடி சந்திப்பில் நிற்கிறேன், ரயிலில் வருகிறேன் என்ற மூன்று வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழில் மூன்றுக்கும் 'இல்' ஒன்றே போதும்; ஆங்கிலத்தில் முறையே 'இன்', 'அட்', 'ஆன்' (ஆர்டிகிள் 'ஆன்' அல்ல) என்று மூன்று வேண்டும். எந்த இடத்துக்கு எது என்பதைப் பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும்.