நசுங்கிய பானெட்டைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்

விபத்தில் சிக்கிய கார்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடுவது என் தொழில். வண்டியின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "அந்தக் காலத்து அம்பாசடர்னா இரும்பு சார். இதெல்லாம் வெறும் தகரம். ஒரே இடியில முன்பக்கம் பூரா போயிடுச்சு பாருங்க!"

நான் பானெட்டை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மூடுவேன். கதவு வழக்கம்போல மூடினால், ஆள் உட்காரும் கூண்டு கோணவில்லை என்று அர்த்தம். இடியின் வேகத்தை முன்பக்கம் தான் வாங்கிக்கொண்டு மடங்கியதால்தான் அது தப்பியது. மடங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதி அது.

2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் இதை நேரடியாகவே சோதித்துக் காட்டியது. 1959 செவர்லே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 செவர்லே மாலிபு மறுபக்கம். இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் பக்கமாக எதிரெதிரே மோதவிட்டார்கள். நீளமான பானெட், கனத்த இரும்பு எல்லாம் இருந்தும் பெல் ஏரின் கூண்டு உள்ளே ஒடுங்கிப்போனது. ஸ்டியரிங் பின்னோக்கி மேலே எழும்பி, ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்திருந்த சோதனைப் பொம்மையின் தலையில் இடித்தது. முன்கண்ணாடி கழன்று விழுந்தது, ஓட்டுநர் பக்கக் கதவு திறந்துகொண்டது, இருக்கை தரையிலிருந்து பிய்ந்தது. அந்தக் காரில் சீட் பெல்ட்டும் இல்லை. உட்கார்ந்திருந்தது மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவருக்கோ காலில் லேசான காயம் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

நம் அம்பாசடரும் 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வடிவம்தான். 2014 வரை உற்பத்தியில் இருந்தது. இந்தியாவில் புதிய மாடல்களுக்கு முன்பக்க மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில்தான். பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அதில் நெடுஞ்சாலையில் 100-ஐத் தொடாதீர்கள், அது போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. புதுக் காரையும் 'இரும்பாக்க' நினைத்து முன்னால் பம்பர் கார்டு மாட்டுகிறார்கள். அது நேராகச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு இறுக்கப்படுவது. மடங்க வேண்டிய பகுதியைத் தாண்டி இடி நேரே உள்ளே போகும், ஏர்பேக் விரியும் நேரமும் தப்பலாம். பாதசாரி மீது பட்டால் அவருக்கும் ஆபத்து. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

அடுத்தது டிங்கரிங். மடங்கிய சைடு மெம்பரை (முன்பக்கத்தின் இருபுறமும் இடியைத் தாங்கும் எஃகுச் சட்டம்) கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சூடுபட்ட உயர்வலிமை எஃகு பழைய பலத்துக்குத் திரும்பாது, அடுத்த இடியில் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட பகுதியை, நிறுவனம் சொல்லும் முறைப்படி மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம். கோளாறு காட்டும் ஸ்கேனர் கருவியை வண்டியில் இணைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.