பின்னணி வேலையைத் தொடங்குமுன் அதை நிறுத்தும் வழியை எழுதுங்கள்

சாதனத்தை இயக்கும் டிரைவர் ஒன்றின் நிரலை மதிப்பாய்வு செய்ய அமர்ந்தால், சாதனத்தை அகற்றும்போது அழைக்கப்படும் செயற்கூற்றைத்தான் நான் முதலில் படிப்பேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பின்னணி வேலையை வரிசையில் சேர்க்க ஒரு வரி போதும். ஆனால் அந்த வேலை இந்தக் கணத்தில் எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா, இதற்குப் பிறகு யாராவது அதை மீண்டும் வரிசையில் சேர்ப்பார்களா, அது தொடும் நினைவகம் அதுவரை விடுவிக்கப்படாமல் இருக்குமா என்பவற்றுக்கு அந்த வரியில் விடை கிடையாது. பயனரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டும் முடக்கங்களைத் துருவிக்கொண்டு போனால், பல நேரங்களில் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றில்தான் வந்து நிற்கிறோம்.

முன்பெல்லாம் பெரும்பாலான வொர்க்கியூக்கள், அதாவது பின்னணி வேலைகள் சேரும் வரிசைகள், ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி த்ரெட்டை (தனியே ஓடும் நிரல் ஓட்டத்தை) உருவாக்கி வைத்திருந்தன. அதனால் சில பெரிய கணினிகளில் துவக்கம் முடிவதற்குள்ளேயே 32 ஆயிரம் பிராசஸ் எண்களும் தீர்ந்துபோனதுண்டு. டெஜுன் ஹியோ எழுதி, 2010இல் 2.6.36 பதிப்பில் சேர்ந்த புதிய அமைப்பில், அந்த வேலைகளைச் செய்யும் கேவொர்க்கர் த்ரெட்களை எல்லா வொர்க்கியூக்களும் பகிர்ந்துகொள்கின்றன. தேவைக்கு மேல் சும்மா இருப்பவை சுமார் 300 நொடிகளில் கலைக்கப்படுகின்றன. த்ரெட்களின் எண்ணிக்கையைக் கெர்னலே பார்த்துக்கொள்கிறது என்றாலும், வேலையின் ஆயுளுக்கு டிரைவரை எழுதியவரே இன்றும் பொறுப்பு.

அகற்றும் வரிசையில் நடக்கும் தவறுதான் நான் அதிகம் காண்பது. வேலையை வரிசையில் சேர்க்கும் மூலங்களை, அதாவது சாதனம் எழுப்பும் இன்டரப்டையும் குறித்த நேரத்தில் இயங்கும் டைமரையும், முதலில் அடைக்க வேண்டும். பிறகு கேன்சல்_வொர்க்_சிங்க் அழைத்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் பிறகே நினைவகத்தை விடுவிக்கலாம். டைமர் வேலையைச் சேர்க்க, அந்த வேலை மீண்டும் டைமரை முடுக்கிவிடும் அமைப்பில் இந்த ஒழுங்கும் போதாது: டைமரை முதலில் நீக்கினால் வேலை அதை உயிர்ப்பிக்கும், வேலையை முதலில் நீக்கினால் டைமர் அதை மறுபடி சேர்த்துவிடும். இந்தச் சுழலை வெட்டுவதற்காகவே 6.2 பதிப்பில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் வந்தது. அதை அழைத்த பிறகு அந்த டைமரை யாராலும் முடுக்க முடியாது. வேலைகளுக்கு இதே பாதுகாப்பைத் தரும் டிசேபிள்_வொர்க்_சிங்க் 6.10இல் சேர்ந்தது. பழைய பதிப்புகளில் சிக்கியிருப்பவர்கள், "நிறுத்தப்படுகிறது" என்ற ஒரு குறியை லாக்கின் (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டின்) பாதுகாப்பில் வைத்து, மறுபடி முடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் அதைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. மியூடெக்ஸ் என்ற வகைப் பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டே கேன்சல்_வொர்க்_சிங்க் அழைத்து, அந்த வேலையும் அதே மியூடெக்ஸுக்காக நின்றுகொண்டிருந்தால் இரண்டும் நகரா. இரு பாதைகளும் வெவ்வேறு நேரங்களில் ஒருமுறை ஓடியிருந்தாலே, உண்மையான முடக்கம் நேர்வதற்கு முன்பாகவே, பூட்டுகள் பிடிக்கப்படும் ஒழுங்கைக் கண்காணிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப் இதைச் சுட்டிக்காட்டிவிடும். சோதனைக் கெர்னலில் அதை அணைத்து வைப்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

வொர்க்கியூ இல்லாமல் தனி கேத்ரெட்டாக (கெர்னலுக்குள் ஓடும் த்ரெட்டாக) எழுதும்போது, நிறுத்தக் கோரிக்கை வந்துவிட்டதா என்று பார்க்கும் கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப் சோதனையைச் சுழற்சியில் வைத்தால் மட்டும் போதாது. உறங்கப்போகும் நிலையை அறிவித்த பிறகுதான் நிபந்தனையைச் சோதிக்க வேண்டும். வரிசை மாறினால், இரண்டுக்கும் இடையில் வரும் எழுப்புதல் தொலைந்துபோகும். எம்ஸ்லீப் மூலம் நீண்ட நேரம் உறங்கும் த்ரெட் நிறுத்தக் கோரிக்கை வந்தாலும் பாதியில் எழாது. அதற்காகக் காத்திருப்பவரும் சேர்ந்தே முடங்குவார், 120 நொடிகள் கடந்தால் கெர்னல் வழக்கமாக எச்சரிக்கையும் பதிவுசெய்யும்.

நினைவகத்தை மீட்கும் பாதையில் உள்ள வொர்க்கியூவுக்கு மெம்_ரீக்ளெய்ம் குறி கட்டாயம். நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும் வேளையில் புதிய கேவொர்க்கரை உருவாக்க முடியாமல் போகலாம். முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட மீட்பு த்ரெட் இருந்தால்தான் அந்த வேலை நகரும்.

கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேவொர்க்கர் சிபியுவை விழுங்கினால் அதைக் கொல்ல முயலாதீர்கள். அது சிக்னல்களைக் கண்டுகொள்ளாது. 4.18 பதிப்பு முதல் அதன் பெயரோடு வொர்க்கியூவின் பெயரும் காட்டப்படுகிறது, எந்தத் துணை அமைப்பை விசாரிப்பது என்ற முதல் தடயம் அதுவே. கெர்னலில் நடப்பதைப் பதிவுசெய்யும் டிரேஸ்பாயின்டை இயக்கிப் பார்த்தால், எந்தச் செயற்கூறு திரும்பத் திரும்பச் சேர்க்கப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான் ஒப்புதல் தருமுன் கேட்கும் சோதனை எளியது: நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கேசானையும் லாக்டெப்பையும் இயக்கி, சாதனத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே, சிஸ்எஃப்எஸ் (கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக டிரைவரைப் பிரித்து மீண்டும் இணைப்பதை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். சும்மா இருக்கும் சாதனத்தில் நடத்திய சோதனையை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் அகற்றும் பாதை அப்போது எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.