‘சொல்லத் தெரியல’ என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?

“எப்படி வலிக்குதுன்னுகூட சொல்லத் தெரியல டாக்டர். எல்லாம் மனப்பிரமை.”

இந்த வாரத்தில் இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். சொன்னவர் மகன், வலி அம்மாவுக்கு. அந்த அம்மா உட்கார்ந்திருந்த கால் மணி நேரமும் வலது விலாப் பக்கம் சட்டைத் துணியை இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். கேட்டால் “என்னமோ பண்ணுது” என்றார். மகனுக்கு அந்த ‘என்னமோ’ மட்டும் காதில் விழுந்திருக்கிறது; விரல்கள் கண்ணில் படவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அதே இடத்தில் அக்கி வந்து ஆறியிருந்தது. அக்கி ஆறிய பிறகும் அந்த இடத்து நரம்பில் வலி மாதக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு; எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வலி என்பது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சாமான், அதைப் பார்த்துப் பார்த்து வர்ணிக்க வேண்டும், வர்ணனை பிசகினால் சாமானே இல்லை: இப்படித்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் இந்த எண்ணத்தைத்தான் போட்டு உடைத்தார். அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, 1953-இல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு கற்பனை வரும். ஆளுக்கொரு பெட்டி, உள்ளே இருப்பதை எல்லோரும் ‘வண்டு’ என்கிறார்கள், ஆனால் அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்; சொல் மட்டும் புழங்கிக்கொண்டே இருக்கும். அப்படியானால் அந்தச் சொல் உள்ளே இருப்பதன் பெயராக இருக்க முடியாது. பிறகு வலியைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? விழுந்த குழந்தை அழுகிறது; பெரியவர்கள் ‘வலிக்குது’ என்று சொல்லித் தருகிறார்கள்; அழுகை இருந்த இடத்தில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்கிறார். அழுகிற குழந்தையிடம் போய் “விவரம் போதாது” என்போமா?

இதற்கு நேரெதிர்க் கட்சியும் உண்டு. கண்டவர் விண்டிலர், வலியைச் சொல்லவே முடியாது என்று கையை விரித்துவிடுவார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். வலியை ஆராய்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வினாத்தாளில் வலியைச் சொல்ல 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், சுருக், விண்விண். இவை அலங்காரத்துக்கு இல்லை. எரிச்சல், கரண்ட் அடித்தாற்போல், ஊசி குத்தினாற்போல் என்றால் நாங்கள் நரம்பைச் சந்தேகிப்போம். வழக்கமான வலி மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கேட்காது. அந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘திகுதிகு’ என்றதும் நிமிர்ந்தார். “ஆமாங்க. தணல் ஒட்டின மாதிரி. துணி பட்டாலே.”

கூட வருகிறவர்களே, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். எடுத்த எடுப்பில் “பத்துக்கு எத்தனை?” என்று மார்க் கேட்காதீர்கள். சொல்லைத் தேடி அவர் திணறினால், நான்கைந்து சொற்களை எடுத்துக் கொடுத்து ‘இதுவா, அதுவா’ என்று கேளுங்கள். “இல்ல, அப்படி இல்ல” என்பதும் எங்களுக்குத் தகவல்தான்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், கைக்குழந்தைகள் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சொல்லுக்காகக் காத்திருக்காதீர்கள். சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்றாகாது என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்புகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. புரட்டிப் படுக்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா, எந்தப் பக்கம் தொட்டால் கையைத் தட்டி விடுகிறார், பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள்.