கேடிலாக்: ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தில் எழுந்த பெயர்

1908 பிப்ரவரி 29. லண்டனில் அமெரிக்காவின் கேடிலாக் கார்களை விற்றுவந்த பிரெடெரிக் பென்னெட்டின் இருப்பிலிருந்து, பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்தது. மூன்றும் ஒற்றை சிலிண்டர் 'மாடல் கே'. ஆடம்பரம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அவற்றை புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய், கடைசி நட்டு வரை கழற்றிப்போட்டார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒன்றாகக் கலந்தார்கள். மிகத் துல்லியமாக இருக்கவேண்டிய சுமார் 90 பாகங்களை கிளப் எடுத்துப் பூட்டிவைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடையிலிருந்த புது உதிரிபாகங்களைக் குவியலில் போட்டது. அப்புறம் மெக்கானிக்குகள் கையில் ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்து, மூன்று காரையும் திரும்ப மாட்டச் சொன்னார்கள். அரம் பிடிக்கக் கூடாது, எதையும் தேய்த்துச் சரிக்கட்டக் கூடாது.

மூன்றும் கிளம்பின. 500 மைல் ஓடின. அந்த வேலைக்காக, கார்த் தொழில்நுட்பச் சாதனைக்குத் தரும் டூவர் கோப்பையை அந்த ஆண்டு ஓர் அமெரிக்க கம்பெனிக்குக் கொடுத்தது பிரிட்டிஷ் கிளப். 'ஸ்டாண்டர்ட் ஆஃப் தி வேர்ல்ட்' என்று கேடிலாக் விளம்பரங்களில் பின்னாளில் அடித்துக்கொண்ட பெருமைக்கு அடிப்படை இந்தச் சோதனைதான்.

இதில் அப்படி என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். பேரிங் தேய்ந்தால் கடைக்குப்போய் நம்பர் சொல்லி வாங்கி மாட்டுகிறோம். அன்றைக்கு அது நடக்காது. ஒரு தண்டு ஒரு துளைக்குள் சுழலவேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கும் அளவுக்கு மட்டும் இடைவெளி வேண்டும். குறைந்தால் சூடாகிப் பிடித்துக்கொள்ளும், கூடினால் தடதடக்கும். அந்த இடைவெளியைக் கொண்டுவந்தது ஃபிட்டரின் கையும் அரமும்தான். இந்தத் தண்டை அந்தத் துளைக்கு ஏற்றபடி தேய்த்துத் தேய்த்து உட்காரவைப்பார். ஜோடி அருமையாகப் பொருந்தும். ஆனால் அதே தண்டு பக்கத்துக் காருக்குப் பொருந்தாது. ஐரோப்பாவின் உயர்ரகக் கார்கள் இப்படித்தான் பிறந்தன. கைவேலை என்பதே அவற்றின் மதிப்பு.

பாகங்களை மாற்றிப் போடவேண்டுமானால் தண்டு துளைக்குப் பொருந்தினால் போதாது. தண்டும் துளையும் தனித்தனியே வரைபடத்தில் உள்ள எண்ணுக்கு உண்மையாக இருக்கவேண்டும். அதைச் சரிபார்க்க அளக்கவேண்டும். அளக்கும் கருவியே சரியா என்று பார்க்க இன்னொன்று வேண்டும். கேடிலாக்கை உருவாக்கிய ஹென்றி லேலண்ட் இந்த இடத்தில்தான் மற்றவர்களை முந்தினார்.

லேலண்ட் கார்க்காரரே அல்ல. 1843-இல் வெர்மான்டில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வேலை பார்த்தார். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்தவேண்டும் என்ற எண்ணம் முதலில் வேர்விட்ட இடங்களில் அது ஒன்று. அப்புறம், அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் பல ஆண்டுகள். டெட்ராய்ட்டுக்கு வந்து சொந்தப் பட்டறை போட்டபோது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அவருக்கு அன்றாடக் கணக்கு. ஹயாட் ரோலர் பேரிங் கம்பெனியிலிருந்து வந்த ஓர் இளைஞரை உட்காரவைத்து, அவர் அனுப்பிய பேரிங்குகளை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து காட்டி லேலண்ட் கடிந்துகொண்டார். அந்த இளைஞர் ஆல்பிரட் ஸ்லோன். பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான அதே ஸ்லோன்.

ஸ்வீடன் நாட்டு ஜொஹான்சன் கண்டுபிடித்த அளவுக் கட்டைகளை அமெரிக்காவில் முதலில் வாங்கியவர்களில் லேலண்ட் ஒருவர். நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்பார்களே, அவைதான். கண்ணாடி போல் இழைத்த எஃகுத் துண்டுகள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லேசாக அழுத்தித் திருகினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். பரப்பு அவ்வளவு சமதளம். ஒட்டிய இடத்தில் இடைவெளி ஏறக்குறைய இல்லாததால், நீளங்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். ஜொஹான்சனின் 102 கட்டைகள் கொண்ட தொகுப்பில் 0.01 மில்லிமீட்டர் படிகளாக 20,000 வெவ்வேறு நீளங்கள் கிடைத்தன. இங்கே வெப்பமும் ஓர் எதிரி. 100 மில்லிமீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சற்று மேல் நீளும். கையில் சிறிது நேரம் பிடித்திருந்தாலே அளவு போய்விடும். அதனால்தான் உலகம் முழுக்க நீள அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி பிறந்த கதையையும் சொல்லிவிடலாம். 1902-இல் ஹென்றி ஃபோர்டு தன் பேரில் இருந்த கம்பெனியை முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் விட்டுப் போனார். மிச்சத்தை விற்றுத் தீர்க்க மதிப்புப் போட வந்தவர் லேலண்ட். விற்காதீர்கள், என் எஞ்சினைப் போட்டு கார் செய்யுங்கள் என்றார். டெட்ராய்ட்டை 1701-இல் நிறுவிய பிரெஞ்சுக்காரர் கேடிலாக்கின் பெயரை வைத்தார்கள். 1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கியது. லேலண்ட் 1917-இல் வெளியேறி லிங்கன் கம்பெனியை ஆரம்பித்தார். அது நொடித்து 1922-இல் யார் கைக்குப் போனது? ஃபோர்டு. அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆடம்பரக் கார்ப் பெயர்களும் ஒரே கிழவரின் கைவேலை.

அடுத்தது ஸ்டார்ட்டர். பழைய லாரிக்கு ஹேண்டில் போட்டவர்களுக்குத் தெரியும்: தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழுந்தால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே எரிபொருள் வெடித்து, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு தலைகீழாகத் திரும்பி ஹேண்டில் கையை உதைக்கும். மணிக்கட்டு முறியும், தாடையும் பெயரும். லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் கேடிலாக்குக்கு ஹேண்டில் போடப்போய் அடிபட்டு இறந்தார், அதனால்தான் லேலண்ட் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டருக்கு முனைந்தார் என்று ஒரு கதை உண்டு. கார்ட்டர் இறந்தது 1908-இல். சொல்பவர்கள் தரும் தேதிகள் பல நேரம் அதோடு உதைக்கின்றன. கதை கிடக்கட்டும், பிரச்சினை நிஜம்.

எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வேண்டுமானால் அது எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்பது அன்றைய பேச்சு. அதை உடைத்தவர் சார்லஸ் கெட்டரிங். ஓஹையோவின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாவைக் கையால் சுற்றாமல் சின்ன மோட்டார் வைத்து ஓட்டிக் காட்டியவர். கல்லாவுக்கு விசை தேவைப்படுவது ஒரு கணம்தான். காருக்கும் அப்படியே.

டிசி மோட்டார் சுழலும்போது, அதுவே ஒரு ஜெனரேட்டர் போல எதிர் வோல்டேஜ் ஒன்றை உண்டாக்கி உள்ளே வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. எனவே சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் வெள்ளமாகப் பாயும், முறுக்குவிசையும் உச்சத்தில் இருக்கும். எஞ்சினுக்கு முறுக்கு வேண்டியதும் அந்த முதல் நொடியில்தான். ஆனால் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தொடர்ந்து ஓட்டினால் சுருள் கருகும். சில நொடிகளில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் மோட்டார் சூடேறி முடிக்கும் முன்பே வேலை முடிந்துவிடும். தாங்கும் அளவுக்கு மேல் ஏற்று, ஆனால் கொஞ்ச நேரம் மட்டும் ஏற்று என்பதுதான் கெட்டரிங்கின் கணக்கு.

1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது. ஒரே இயந்திரம்தான் மோட்டாரும் ஜெனரேட்டரும். கிளப்பும்போது நான்கு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பக்க இணைப்புக்கு மாறி 6 வோல்ட்டில் சார்ஜ் ஏறும், விளக்கும் எரியும். இதற்காக டூவர் கோப்பை இரண்டாம் முறையும் வந்தது.

1914-இல் 1915 மாடலாக, எட்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் நிற்கும் வி-8 எஞ்சின் வந்தது. ஓடியது, ஆனால் அதிர்ந்தது. நான்கு பிஸ்டன் மேலே போகும்போது நான்கு கீழே வருகிறதே, கணக்கு சரியாகிவிடாதா? ஆகாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து ஆடுவதால், பிஸ்டனின் வேகமாற்றம் மேல்முனையில் கூடுதலாகவும் கீழ்முனையில் குறைவாகவும் இருக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றையொன்று முழுதாகச் சமன்செய்யாமல், மிச்ச விசை கிராங்கைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் உதறும். கிராங்கின் முழங்கைகள் ஒரே தளத்தில் இருந்ததுதான் கோளாறு. 1923-இல் கேடிலாக் அவற்றை 90 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பிவைத்தது. மிச்ச விசைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மீதி இருந்த ஆட்டத்தை கிராங்கின் எதிர்எடைகள் பார்த்துக்கொண்டன. அமெரிக்க வி-8 எஞ்சினின் அந்தக் கடகடப்பான உறுமல் இந்தக் கிராங்கின் பிள்ளை. 1928-இல் கியர்களை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோமெஷ், 1930-இல் 16 சிலிண்டர் எஞ்சின் என்று வரிசை நீண்டது.

இதுவரை சொன்ன எதுவும் ஷோரூமில் கண்ணுக்குத் தெரியாது. போருக்குப் பிறகு நிலைமை மாறியது. வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து மயங்கியதில், 1948 மாடலின் பின்புறத்தில் சின்னத் துடுப்புகள் முளைத்தன. 1959-இல் அவை கத்திபோல் வானத்தைக் குத்தின. சாலை வேகத்தில் அவற்றால் காற்றியல் பலன் ஒன்றுமில்லை. விற்பனைப் பலன் ஏராளம். எனக்குக் கூட 1959 மாடல் பார்க்கப் பிடிக்கும். ஆனால் கேடிலாக் என்றால் துல்லியம் என்ற எண்ணம், கேடிலாக் என்றால் பகட்டு என்று மாறிய காலமும் அதுதான்.

துல்லியம் கைவிட்டதற்குப் பெரிய சாட்சி 1981-இன் 'வி8-6-4'. கருத்து பிரமாதம். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது பெட்ரோல் எஞ்சினின் திராட்டில், அதாவது காற்றை உள்ளே விடும் கதவு, பாதிக்கு மேல் மூடியிருக்கும். சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துவிட்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். எட்டு பிஸ்டன்களும் ஒவ்வொரு உறிஞ்சலிலும் படும் பாடு அது. நான்கு சிலிண்டரை நிறுத்திவிட்டால் மற்ற நான்கும் கூடுதலாக உழைக்கவேண்டும், திராட்டில் அகலத் திறக்கும், உறிஞ்சும் வேலை மிச்சம். நிறுத்திய சிலிண்டர்களின் வால்வுகளை மூடியே வைத்தால், உள்ளே சிக்கிய காற்று அமுங்கி விரிந்து, செலவான விசையைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும்.

கேடிலாக் இதை வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைகள் மேல் சோலினாய்டு (மின்காந்த விசைக் கருவி) வைத்துச் செய்தது. இயந்திரப் பகுதி ஓரளவு சரி. மூளைதான் போதவில்லை. எட்டா, ஆறா, நான்கா என்று முடிவெடுக்க அன்றைய கம்ப்யூட்டருக்கு வேகம் கிடையாது. மாறும்போதெல்லாம் கார் குலுங்கியது. எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று டாஷ்போர்டில் எண் வேறு காட்டினார்கள். பல உரிமையாளர்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டு எப்போதும் எட்டிலேயே ஓட்டினார்கள். சாதாரணக் கார்களில் ஓராண்டோடு நின்றது. அடுத்த ஆண்டே, செவர்லே கேவலியரின் அடித்தளத்தில் கொஞ்சம் தோல் போர்த்தி 'சிமரான்' வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

1990-களின் 'நார்த்ஸ்டார்' எஞ்சின் விசித்திரமான கேஸ். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுதாக ஒழுகிப்போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்: கம்ப்யூட்டர் சில சிலிண்டர்களுக்கு மாற்றி மாற்றி எரிபொருளை நிறுத்த, அவை வெறும் காற்றை இழுத்துத் தள்ளித் தங்களைக் குளிர்வித்துக்கொள்ளும். இவ்வளவு யோசித்தவர்கள், எஞ்சினின் மேல்மூடியை பிளாக்கோடு இறுக்கும் ஹெட் போல்ட்டில் கோட்டை விட்டார்கள். அலுமினிய பிளாக்கில் நுண்ணிய மரைகள் பிடிமானம் இழந்து உருவிக்கொள்ள, கேஸ்கெட் வழியே கூலன்ட் கசிந்தது. பிளாக்கைத் துளைத்து எஃகு மரை வைத்துச் சரிசெய்வதே மெக்கானிக்குகளுக்கு ஒரு தனித் தொழிலானது. பின்னால் மரையைப் பெரிதாக்கி நீட்டித்தான் கம்பெனி மீண்டது.

சிலிண்டரை நிறுத்தும் யோசனையும் செத்துவிடவில்லை. 2000-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் லிஃப்டர்களோடு (வால்வைத் தூக்கும் பாகங்கள்) மறுபடி கொண்டுவந்தது. கேடிலாக்கின் பெரிய எஸ்யூவியான இன்றைய எஸ்கலேடின் 6.2 லிட்டர் வி-8 எஞ்சினில் எட்டு, ஆறு, நான்கு என்ற மூன்று நிலைகளுக்குப் பதிலாக 17 விதமான சேர்க்கைகள். எதில் ஓடுவது என்று நொடிக்கு 80 முறை கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. எத்தனை சிலிண்டர் எரிகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.