வலம்புரியைப் பருவந்தோறும் அடையாளம் காணுதல்

மார்ச் மாதத்தில் முதுமலையின் இலையுதிர் காட்டுப் பகுதியில் பெரும்பாலான புதர்கள் வெறும் குச்சிகளாக நிற்கும். அவற்றுள் வலம்புரியை மட்டும் பத்தடி தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் அளவில், முறுக்கிய கயிற்றுத் துண்டு போன்ற பழுப்புக் காய்கள் கிளைகளில் காய்ந்து தொங்கும். நாட்டு மருந்துக் கடையில் வலம்புரிக்காய் என்று விற்பது இதைத்தான். இச்செடியின் பேரினப் பெயரான ஹெலிக்டெரஸ் என்ற கிரேக்க வழிச் சொல்லும் முறுக்கையே குறிக்கிறது. ஒரே காய் போலத் தோன்றினாலும், பூவின் சூலகத்திலிருந்த ஐந்து அறைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வளர்ந்ததே அது. நன்கு காய்ந்ததை நுனியிலிருந்து பிரித்தால் ஐந்து புரிகளும் தனித்தனியே கழன்று வரும்.

காய்கள் உதிர்ந்துவிட்டிருந்தால் பட்டையைப் பார்க்க வேண்டும். மெல்லிய கிளையை ஒடித்தால் உள்ளிருக்கும் கட்டை முறியுமே தவிர, பட்டை முறியாமல் நீண்ட நாராக உரியும். அந்த நாரில் கயிறு திரிப்பதும் உண்டு.

மழைக்குப் பின் துளிர்க்கும் இலைதான் ஏமாற்றக்கூடியது. ஓரத்தில் பற்களும், மேற்புறத்தில் சொரசொரப்பும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும் நட்சத்திர வடிவ மயிர்களும் வலம்புரிக்கு உண்டு. ஆனால் இவையெல்லாம் சடச்சி இனங்களிலும் காணப்படுவதால், இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதிருப்பதே நல்லது.

பூ வந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அன்றலர்ந்த பூ செங்கல் சிவப்பாகவும், பழைய பூ ஈயத்தைப் போன்ற நீலச் சாம்பலாகவும் இருக்கும் என்பதால் ஒரே கிளையில் இருநிறப் பூக்களைக் காணலாம். பூவுக்குள்ளிருந்து வளைந்து நீளும் ஒரு தண்டின் நுனியில் மகரந்தப் பைகளும் சூலகமும் சேர்ந்தே அமைந்திருக்கின்றன. அடியிலுள்ள தேனுக்காகத் தேன்சிட்டு அலகை நுழைக்கும்போது அந்த நுனி அதன் தலையில் உரசி, மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அதுவே சூலகமுடியைச் சேர்கிறது. சூலகம் தண்டின் நுனியில் இருப்பதால் காயும் அங்கேயே உருவாகிறது. மார்ச்சில் காய்ந்த காயைத் தாங்கி நிற்கும் காம்பின் மேற்பகுதி, மழைக்காலத்தில் பூவுக்கு வெளியே நீண்டிருந்த அதே தண்டுதான்.