நியாயத்தொடை: சிலாஜிசத்துக்குத் தமிழ்ச் சொல்

மொரீசியஸில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘சிலாஜிசம்’ என்றும் பிரெஞ்சில் ‘சிலோஜிஸ்ம்’ என்றும் படிப்பது ஒரே சொல்தான். வேர் கிரேக்கம். ‘சேர்த்துக் கணக்கிடுதல்’ என்பது அதன் பழம்பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அதைத் தருக்கத்துக்கு உரியதாக்கினார்: இரண்டு கூற்றுகளை ஒப்புக்கொண்டால் மூன்றாவதை மறுக்கவே முடியாத அமைப்பு.

தமிழில் சிலர் ‘அனுமானம்’ என்கிறார்கள். இன்றைய பேச்சில் அது ஊகம் என்றாகிவிட்டதால் பொருந்தாது. ‘முக்கூற்று முடிவு’ என்பது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. இலங்கையில் அளவையியல், அதாவது தருக்கப் பாடத்தில் வழங்கும் ‘நியாயத்தொடை’யே சிறந்தது. தொடை என்றால் தொடுப்பது. கோயிலில் பூக்கட்டுவதைப் பாருங்கள்: காம்புகளை எதிரெதிரே வைத்து, இரண்டையும் ஒரே நாரால் சுற்றி இறுக்குகிறார்கள். நார் இரண்டையும் பிடிக்காவிட்டால் பூ உதிரும். நியாயத்தொடையில் அந்த நார் மத்திய பதம். முதலில் ஒப்புக்கொள்ளும் இரண்டு கூற்றுகளான எடுகூற்றுகள் இரண்டிலும் அது வரும், முடிவில் வராது. முடிவின் எழுவாய் பக்கப்பதம், பயனிலை சாத்தியப்பதம்.

முன்னால் ‘அறுதி’ சேர்த்தால் அறுதி நியாயத்தொடை, ஆங்கிலத்தில் ‘கேட்டகாரிக்கல் சிலாஜிசம்’. ‘வகைப்பாட்டு’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ‘மழை பெய்தால்’ போன்ற நிபந்தனை இல்லாமல் அறுதியிட்டுச் சொல்வதுதான் இங்கே கருத்து.

நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளையே எடுத்துக்கொள்வோம். 1998இல் அதில் தமிழின் இடம் மாறியபோது எழுந்த எதிர்ப்பை இத்தீவில் மறந்தவர் குறைவு.

இன்று புழங்கும் நம் தாள்கள் எல்லாம் தமிழ் எழுத்து உள்ளவை.
இந்தக் கட்டில் இருப்பவை எல்லாம் இன்று புழங்கும் நம் தாள்கள்.
ஆகவே இந்தக் கட்டில் இருப்பவை எல்லாம் தமிழ் எழுத்து உள்ளவை.

இது செல்லும். முதல் வரியை அப்படியே விட்டு, இரண்டாம் வரியையும் முடிவையும் மாற்றுங்கள்: ‘இந்தக் கட்டில் இருப்பவை எல்லாம் தமிழ் எழுத்து உள்ளவை, ஆகவே அவை எல்லாம் நம் தாள்கள்.’ இது செல்லாது. கட்டில் இருப்பவை இலங்கைத் தாள்களாக இருக்கலாம், இந்திய, சிங்கப்பூர்த் தாள்களாகவும் இருக்கலாம். அவற்றிலும் தமிழ் உண்டு. மத்திய பதமான ‘தமிழ் எழுத்து உள்ளவை’ இரண்டு வரியிலும் தன் வகை முழுவதையும் தழுவவில்லை. வகை முழுவதையும் தழுவுவதே வியாப்தி, சரிபோலத் தோன்றும் பிழையே போலி. ஆகவே இதற்கு ‘மத்திய பதம் வியாப்தியடையாப் போலி’ என்று பெயர். கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது உண்மையிலேயே நம் தாள்களாக இருந்தாலும் வாதம் செல்லாததுதான். உண்மை கூற்றுக்குரியது, செல்லுபடி அமைப்புக்குரியது. பாடநூல்கள் செல்லுபடியை ‘வாய்ப்பு’ என்கின்றன. அன்றாடத் தமிழில் அது சந்தர்ப்பம் என்று கேட்பதால், செல்லும், செல்லாது என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

சோதிக்கும்போது முதலில் பதங்களை எண்ணுங்கள். மூன்றுதான் இருக்கவேண்டும், ஒரே சொல் இரு பொருளில் வந்தால் நான்காகிவிடும். மத்திய பதம் ஒருமுறையாவது வியாப்தியடைய வேண்டும். முடிவில் வியாப்தியடைந்த பதம் எடுகூற்றிலும் அடைந்திருக்க வேண்டும். இரண்டு எடுகூற்றும் எதிர்மறையானால் முடிவே கிடையாது. ஒன்று எதிர்மறையானால் முடிவும் எதிர்மறை.

அறுதி நியாயத்தொடைக்கு வரக்கூடிய மொத்த அமைப்புகள் 256. மரபுக் கணக்கில் செல்பவை 24, இன்றைய கணக்கில் 15. காரணம், ‘எல்லாம்’ என்பதிலிருந்து ‘சில’ என்று இறங்கினால் அப்பொருள் ஒன்றாவது இருக்கவேண்டும்; மரபு அதை இருப்பதாகவே கொள்கிறது, இன்றைய கணக்கு அப்படிக் கொள்வதில்லை. கட்டு வெறுமையாக இருந்தால் ‘கட்டில் இருக்கும் சில தாள்கள் தமிழ் எழுத்து உள்ளவை’ என்பது பொய்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு தடுமாற்றம் வேறு. ‘எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? இரண்டுக்கும் இடம் தருகிறது. முன்னதில் எழுவாய், பயனிலை இரண்டும் வியாப்தியடையும். பின்னதில் பயனிலை மட்டுமே. ஆகவே சோதனையைத் தொடங்குமுன் ‘எந்தப் பிள்ளையும் வந்தவர் அல்லர்’ என்றோ ‘சில பிள்ளைகள் வந்தவர் அல்லர்’ என்றோ மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.