டீக்கடை டியூப் லைட்டும் 1/50 நொடியும்

விஸ்காம் முதலாம் ஆண்டில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் நடிப்பு சுமார், கதை அதைவிடச் சுமார். ஆனால் பார்த்த எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "ஏன்டா, டீக்கடை சீன்ல மட்டும் கறுப்புப் பட்டை ஓடிக்கிட்டே இருக்கு?" கேமரா ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்தோம். கேமராவில் ஒரு பழுதும் இல்லை. ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி உள்ளே வரும் நேரத்தை, 1/320 நொடியில் வைத்தது நான்தான்.

ஃபோட்டோ எடுத்துப் பழகிய கை. ஷட்டர் எவ்வளவு வேகமோ படம் அவ்வளவு துல்லியம் என்பது ஃபோட்டோவுக்குச் சரி. வீடியோவில் டியூப் லைட் குறுக்கே வந்துவிடும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், பழைய சோக்கு போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு துடிப்பு 1/100 நொடி. 1/320-ல் திறந்து மூடும் ஷட்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. போதாததற்கு, இன்றைய பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. ஒரு வரிக்குப் பிரகாசமான கணம் வாய்த்தால், சற்றுத் தள்ளி இன்னொரு வரிக்கு மங்கல் கணம் வாய்க்கும். அதுதான் பட்டை. நாங்கள் எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம். 100-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வருகிறது அல்லவா? அந்த மீதியால் ஃபிரேமுக்கு ஃபிரேம் பட்டை இடம் மாறுகிறது, ஓடுவது போலத் தெரிகிறது.

மருந்து எளிது: 1/50. ஷட்டர் எந்தக் கணத்தில் திறந்தாலும் சரியாக இரண்டு முழுத் துடிப்பின் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். 1/100 வைத்தாலும் பட்டை வராது. ஆனால் 1/50-க்கு இன்னொரு நியாயம் இருக்கிறது.

ஃபிலிம் கேமராவில் ஷட்டர் என்பது சுழலும் அரைவட்டத் தகடு. பாதி நேரம் ஃபிலிமில் ஒளி விழும். மறுபாதி இருட்டில் அடுத்த ஃபிரேம் இழுக்கப்படும். மௌனப்படக் காலத்தில் கையால் சுற்றியதால் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. பேசும்படம் வந்ததும் ஒலிக்கு ஒரே சீரான வேகம் தேவைப்பட, 24 நிலைத்தது. 24-ல் பாதி நேரம் என்றால் 1/48 நொடி, ஏறக்குறைய நம் 1/50. வீசும் கை அதற்குள் கொஞ்சம் நகர்ந்து மசமசவென்று பதியும். அந்த மசமசப்புதான் ஒரு ஃபிரேமை அடுத்ததோடு ஒட்டவைக்கிறது. உங்கள் கையையே 1/500-ல் எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும், ஓடவிட்டால் கை வெட்டி வெட்டி நகரும். சண்டைக்காட்சிகளில் வேண்டுமென்றே அப்படி எடுப்பதும் உண்டு.

வெயிலில் 1/50 வைத்தால் வானம் வெளுத்துப்போகும். உடனே ஷட்டரைக் கூட்டத் தோன்றும். அதைத் தொடாமல் லென்ஸில் என்.டி. ஃபில்டரை மாட்ட வேண்டும். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ், அவ்வளவுதான். என்.டி. 8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும்.

டீக்கடை சீனை மறுபடி எடுக்கப் போனால், கடைக்காரர் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியிருந்தார். மலிவான எல்.இ.டி.யிலும் இந்த 100 துடிப்பு இருக்கலாம், அதனால் 1/50 வைத்தே எடுத்தோம். பட்டை இல்லை. நடிப்பு மட்டும் அப்படியே.